தெய்வானையின் படகுக்கு மரம் பார்த்தது

நான் போட்ட பலகை வயிறு தள்ளிக்கொண்டு நின்றது.

முழங்கால் ஆழத் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பு. பின்னால் கரையில் என் தங்கை தெய்வானையும் என் மனைவி சரசுவும். நீலகிரி முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. காலை நேரம்தான், ஆனால் வெயிலைக் காணோம். ஈரக்காற்றில் சேற்று வாசம் வந்தது.

நாலைந்து நாளைக்கு முன்னால் அந்தப் பழைய மரப்படகைப் பழுது பார்த்து, பாரத்துக்கு மணல் மூட்டை ஏற்றி, நன்றாக ஊறட்டும் என்று கரையோரம் கட்டிவிட்டு நானும் சரசுவும் கோயமுத்தூரில் எங்கள் சரவணம்பட்டி வீட்டுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் இந்தக் கோலம். பக்கவாட்டில் நான் புதிதாக அடித்த இரண்டு பலகைகளில் கீழ்ப்பலகை வெளிப்பக்கம் புடைத்து, ஆணிகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. படகுக்குள் பாதி தண்ணீர். அதில் ஒரு தவளை வேறு சுகமாக உட்கார்ந்திருந்தது.

“ஏனுங்க, உங்க பலகை மாசமா இருக்குதாட்டங்க?” என்றாள் சரசு.

கல்யாணமான நாளிலிருந்து என் வேலையில் ஒரு குற்றம் கண்டுபிடிக்கக் காத்திருந்தவள் அவள். அன்றைக்குக் கிடைத்துவிட்டது. விடுவாளா?

தெய்வானை சிரிக்கவில்லை. அவள் படகைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் நாங்கள் உட்கார்ந்து டீ குடித்த பாறையில் பாதியைக் காணவில்லை. அவளுடைய வாழைத்தோட்டம் அந்தப் பாறைக்கும் கீழே இருந்தது.

ஏரிக்குள் வாழை

சிறுமுகைப் பக்கம் பிறக்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அணை நிரம்பினால் தண்ணீர் பரவி நிற்கிற இடத்தில், தண்ணீர் வடிந்ததும் வாழை வைப்பார்கள். வண்டல் படிந்த மண். உரச் செலவு பாதி மிச்சம். வாழை வேறெங்கும் இல்லாத வேகத்தில் வளரும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு அந்தத் தார் போனால் வியாபாரிகள் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேரம் பேச மறந்துவிடுவார்கள்.

ஆனால் தார் வெட்டுகிற பருவமும் நீலகிரியில் மழை பிடிக்கிற பருவமும் அக்கம்பக்கமாக வரும். மலையில் கொட்டினால் இங்கே தண்ணீர் ஏறும். சில நாளிலேயே வாழையின் இடுப்பு முழுகும். அப்புறம் கழுத்து. கடைசியில் இலையும் தாரும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். அப்போது படகில் போய், நின்றபடியே தாரை வெட்டி ஏற்றிக்கொண்டு வர வேண்டியதுதான். இது விவசாயமா, சூதாட்டமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். எங்கள் ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் கன்று வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தெய்வானையின் வீட்டுக்காரர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. தோட்டத்தை அவளே பார்த்துக்கொள்கிறாள். முந்தின வருஷம் தண்ணீர் சீக்கிரமே ஏறிவிட்டது. ஊரில் படகு வைத்திருந்தவர்கள் ஒரு சிலர். எல்லாரும் ஒரே நேரத்தில் அவர்கள் வாசலில் போய் நின்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? இவள் முறை வருவதற்குள் கதலித்தார் முழுவதும் தண்ணீருக்குள் அழுகிவிட்டது.

அவளுடைய மகன் பிரபு பெங்களூரில் வேலையில் இருக்கிறான். தங்கமான பிள்ளை. அம்மா தனியாகத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறாளே என்று அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. சின்ன வயதிலேயே விடுதியில் தங்கிப் படிக்கப் போனவன், நீச்சல் தெரியாது. அதனால் தண்ணீரைப் பற்றிய பயம் அவனுக்குக் கொஞ்சம் கூடுதல்.

“இன்னொருக்கா தண்ணில போச்சுன்னா, தோட்டத்த உட்டுப்போட்டு எங்கூட வந்துருங்கம்மா” என்று சொல்லியிருந்தான்.

இவளும் “செரி கண்ணு” என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த வாக்கை மீறுகிறவள் இல்லை. அதுதான் எங்களுக்குப் பயம்.

அவளுக்குப் பெங்களூர் பிடிக்காது என்றில்லை. பேத்தியைப் பார்க்க மாதம் ஒருமுறைகூடப் போவாள். ஆனால் அங்கேயே இருப்பது வேறு விஷயம். “அங்க போயி என்னங்ணா பண்றது? காத்தால லிப்டுல எறங்கி, பொழுதோட லிப்டுல ஏறறதுங்களா?” என்று என்னிடம் ஒருமுறை கேட்டாள். விடியுமுன் எழுந்து, காப்பி குடித்துவிட்டு, மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்குகிறவள் அவள்.

பிறகு ஒருநாள் போன் வந்தது.

“அண்ணா, ஒரு படகு வாங்கிப்போட்டனுங்க.”

“படகா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கறதில்லையா அம்மணி?”

“கேட்டா வேண்டாம்பீங்க. அதானுங்க கேக்கல. நீங்க மர வேலக்காரருதானுங்களே, வந்து செரி பண்ணிக் குடுங்க.”

மைசூர்பாகில் இறங்கிய திருப்புளி

மீன் பிடிக்கிற ஒருவர் ஃபைபர் படகுக்கு மாறியபோது கழித்துவிட்ட படகு அது. தட்டையான அடிப்பாகம். நாலு பேரும் கொஞ்சம் தாரும் தாங்கும். மாட்டுக் கொட்டகை ஓரத்தில் ஒருக்களித்துச் சாய்த்து வைத்திருந்தாள். கோழி ஒன்று அதற்குள் அடை காத்துக்கொண்டிருந்தது. கோழியிடம் அனுமதி வாங்கத்தான் ரொம்ப நேரமானது.

உள்ளே இருந்த சட்டங்கள் கெட்டியாக இருந்தன. அடிப்பலகையும் பரவாயில்லை. ஆனால் பழைய இடத்தில் பல மழைக்காலம் ஈர மண்ணில் படிந்து கிடந்த பக்கம் கெட்டுப்போயிருந்தது. அங்கே கீழிருந்து இரண்டு பலகைகளில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். மைசூர்பாகில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

“ரெண்டு பலகதானுங்ணா? அப்ப சுலுவு” என்றாள் தெய்வானை.

சுலபம்தான். எந்த மரம், எதை வைத்து அடைப்பது என்று இரண்டே கேள்விகள். இரண்டுக்கும் பணம் அதிகம் ஆகக்கூடாது. ஏற்கெனவே படகுக்கே கையிருப்பைப் போட்டுவிட்டாள்.

சுருங்குவதை மட்டும் படித்தவன்

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பேட்டர்ன் தச்சன். வார்ப்படச் சாலையில் பம்பு, மோட்டார் கூடு எல்லாம் வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்வார்கள். அதை மணலில் புதைத்து எடுத்தால் அச்சு கிடைக்கும். அந்த அச்சில்தான் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். கோயமுத்தூர் பம்பு ஓடாத கிணறு உண்டா? அந்தப் பம்புகளெல்லாம் முதலில் என்னைப் போன்ற ஒருவன் கையில் மரமாக இருந்தவைதான். பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மர வடிவத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவையும் கணக்குப் போட்டுக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால் எங்களுக்கென்றே தனி ஸ்கேல் இருக்கிறது. பார்த்தால் சாதாரண ஸ்கேல் மாதிரியே இருக்கும். ஆனால் அதில் ஒரு அடி என்பது ஊர் அடியைவிட ஒரு நூல் கூடுதல்.

கல்யாணமான புதிதில் சரசு இது தெரியாமல் என் பெட்டியிலிருந்து அந்த ஸ்கேலை எடுத்து ஜன்னல் திரைக்குத் துணி அளந்துவிட்டாள். தைத்து மாட்டினால் திரை கொஞ்சம் நீளம். எனக்கு ஒரே சிரிப்பு. அவள் திரையைத் துவைத்துக் காயப்போட்டு மறுபடி மாட்டினாள். கச்சிதமாக இருந்தது! அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துணி அளக்க அந்த ஸ்கேல்தான். நான் வேறு ஒன்று வாங்கிக்கொண்டேன்.

இன்னொரு பழக்கமும் இந்தத் தொழிலில் ஊறிப்போனது. இரண்டு மரத்துண்டைச் சேர்த்தால் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது. நான் வேலை கற்ற கூடத்தில் மேஸ்திரி டார்ச் விளக்கை இணைப்புக்குப் பின்னால் பிடித்துப் பார்ப்பார். ஒரு கீற்று தெரிந்தாலும் பிரித்து மறுபடி செய் என்பார். அதனால் மரம் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தை நாங்கள் தொடவே மாட்டோம்.

இந்த லட்சணத்தில்தான் நான் படகுக்கு மரம் வாங்கக் கிளம்பினேன்.

போத்தனூர் உத்தரம்

முதலில் தேக்கு. விலையைக் கேட்டுவிட்டு மரக்கடைக்காரரிடம் குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அவர் பழகியவர் போலிருக்கிறது, தயாராகவே சொம்பு வைத்திருந்தார்.

அடுத்து அயினி. கேரளத்தில் படகென்றால் இந்த மரம்தான். பாலக்காட்டுப் பக்கம் லோடு லோடாக வரும். நல்ல மரம், விலையும் தேக்கைப் போல அநியாயமில்லை. ஆனால் எனக்கு வேண்டிய நீளத்துக்கு அறுத்துத் தர மாட்டார்களாம், முழுத்தடியாகத்தான் எடுக்க வேண்டுமாம். இரண்டு பலகைக்காக ஒரு மரத்தையே வாங்கி மீதியை என்ன செய்வது? படகுக்கடையா வைப்பது?

தெய்வானையின் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மலைவேம்பு வளர்க்கிறார். “ஒரு மரத்த அறுத்துக்குங்க, காசெல்லாம் வேண்டாமுங்க” என்றார். அந்த நல்ல மனசுக்காகவே அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அது வேகமாக வளர்கிற லேசான மரம், ப்ளைவுட்டுக்குச் சரி. தண்ணீரில் போட்டால் ஸ்பஞ்சுபோல் குடிக்கும். அவருடைய மனசு நோகாமல் மறுப்பதற்கு இரண்டு டீ ஆனது. தைலமரமும் சல்லிசுதான். ஆனால் அது காயக் காய முறுக்கிக்கொள்ளும், யாரோடும் ஒத்துப்போகாத ஆள் மாதிரி.

வெளிநாட்டு மிஷின் வந்திறங்குகிற பெட்டிகளைப் பிரித்து விற்கிற கடையில் பைன் பலகை மலிவாகக் கிடைத்தது. முடிச்சு முடிச்சாக இருந்தது. வெளிப்பலகைக்கு அது ஆகாது. உள்ளே தார் அடுக்குகிற தளத்துக்குப் போதும் என்று கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். அழுகினால் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியில் போத்தனூரில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மரமெல்லாம் ஒரு பக்கம் குவிந்து கிடந்தது. மேலே தூசி, ஒட்டடை, எலிப்புழுக்கை. ஒரு உத்தரத்தை விரல் முட்டியால் தட்டினேன். கணீர் என்றது. இழைப்புளியால் ஓரத்தைச் சீவிப் பார்த்தேன். உள்ளே தேன் நிறத்தில் சிவப்பு ரேகை ஓடியது. வேங்கை! பல தலைமுறை ஓட்டுச் சூட்டிலே காய்ந்த வேங்கை.

எனக்கு அந்த இடத்திலேயே மனசு நிறைந்துவிட்டது. நல்ல மரத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான். சிலருக்கு நகைக்கடை, எனக்கு இது.

“அடுப்புக்குப் போற மரந்தானுங்க, ஏதோ பாத்துக் குடுங்க” என்றார் இடிக்கிற காண்ட்ராக்டர். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, ஆணி இருக்கிறது, வெடிப்பு இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி விலையைக் குறைத்தேன். சரசு காரிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். “சாவு ஊட்டுக்கு வந்தவராட்ட நின்னீங்க” என்றாள் பிறகு.

ரம்ப மில்லில் கொடுத்து அறுத்தோம். ஆணி மோதி வாள் பல் போனதற்காக ரம்பக்காரர் திட்டியதைத் தனியாக ஒரு அத்தியாயம் எழுதலாம். ஆனால் பலகை வந்தது பாருங்கள், கையை எடுக்கவே மனசில்லை.

கோயில் வாசமும் பஞ்சுத் திரியும்

இனி அடைப்பு வேலை. பேட்டர்னுக்கு நாங்கள் அரக்கு வார்னிஷ் பூசுவோம். பழக்க தோஷத்தில் ஒரு துண்டுக்குப் பூசித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். வெள்ளையாகப் பூத்துப்போய்ச் சுரண்டினால் உரிந்து வந்தது. அரக்கு அவுட்.

பெயின்ட் கடையில் ஒரு பையன் கப்பலுக்கே பூசுகிற எபாக்சி என்று இரண்டு டப்பாவை எடுத்து வைத்தான். பிரமாதமான சரக்குதான். ஆனால் படகு முழுவதும் பூசுகிற விலைக்கு இன்னொரு படகு வாங்கலாம். சின்ன டப்பா ஒன்று மட்டும் வாங்கி, மரத்தூளோடு குழைத்துப் பழைய ஆணி ஓட்டைகளை அடைத்தேன். சரசு, குளியலறை ஓரத்துக்குப் பிதுக்குகிற சிலிக்கான் பசை போதாதா என்று கேட்டாள். ஈர மரத்தில் அது ஒட்டாது என்றேன். “எதச் சொன்னாலும் ஆகாதுங்கறீங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரோட்டுக்கு ஊற்றுகிற தார் எல்லாவற்றையும்விட மலிவு. கீழே, வெளிப்பக்கம் மட்டும் பூசலாம் என்று வைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு சொட்டு கூடாது. வெயிலில் இளகி வாழைத்தாரில் கறை பட்டால் மண்டியில் ஒருத்தரும் தொட மாட்டார்கள் என்று தெய்வானை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கடைசியில் நிலைத்தது கோயிலில் புகைக்கிற குங்கிலியம்தான். நாட்டு மருந்துக் கடையில் கட்டி கட்டியாக வாங்கி, இடித்து, ஆளிவிதை எண்ணெயில் போட்டு, தெய்வானை வீட்டுக் களத்தில் சிறு தீயில் உருக்கினோம். தீ கொஞ்சம் கூடினால் எண்ணெயே பற்றிக்கொள்ளும் என்பதால் பக்கத்தில் மணல் குவித்து வைத்துக்கொண்டேன். வாசம் தோட்டமெங்கும் பரவியது. ஏதோ பூசையென்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் தேங்காய் பழத்தோடு வந்துவிட்டார். அவரை வெறுங்கையோடு அனுப்பலாமா? தேங்காயை உடைத்துப் படகுக்கே பூசை போட்டுவிட்டோம்.

பலகைகளுக்கு நடுவே வைத்து அடைக்கப் பஞ்சு வேண்டும். அதற்கு நம் ஊரில் அலைய வேண்டியதில்லை. ஸ்பின்னிங் மில்லில் நூலாவதற்கு முன்னால் பஞ்சு கயிறு மாதிரி நீளமாக ஓடிவரும். சிலிவர் என்பார்கள். கழிவாகப் போனது ஒரு மூட்டை, தெரிந்த மில் சூப்பர்வைசர் கொடுத்தார். கன்றுக்குட்டியின் காதுபோல மிருதுவாக இருந்தது.

பழைய பலகைகளுக்கு நடுவே நைந்துபோயிருந்ததை நோண்டி எடுத்துவிட்டு இந்தப் பஞ்சுத் திரியைக் குங்கிலியத்தில் தோய்த்து அடைத்தேன். என்னுடைய புதுப் பலகைகளுக்கு மட்டும் அடைக்கவில்லை. எங்கே அடைப்பது? அவற்றின் நடுவே மயிரிழை போக இடமில்லை. ஒரு விளிம்பை இன்னொன்றோடு இழைத்து இழைத்துச் சேர்த்திருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், கீற்று வெளிச்சம் தெரியவில்லை. மேலாகக் குங்கிலியத்தை ஒரு பூச்சுப் பூசி முடித்துவிட்டு, தெய்வானையைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன்.

“ஒரே பலகையாட்ட இருக்குதுங்ணா” என்றாள். அதைக் கேட்பதற்காகத்தானே கூப்பிட்டேன்.

குளியலறைக் கதவு

அப்படித் தடவிப் பார்த்த பலகைதான் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது.

“எங்க தப்பாச்சு?” என்று நான் வாய்விட்டே கேட்டேன். ஆணி சரி. மரம் அருமையான மரம். இணைப்பு கச்சிதம்.

சரசு கரையிலிருந்து சொன்னாள்: “ஐப்பசி மழைக்கு நம்மூட்டு பாத்ரூம் கதவு என்னாகுதுங்க?”

“இறுகிக்கும். தோளக் குடுத்துத் தள்ளோணும்.”

“அப்புறம் என்னத்துக்குங்க இந்தக் கேள்வி?”

அவ்வளவுதான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எலும்பாகக் காய்ந்த வேங்கை, தாகத்தோடு இருந்த மரம், தண்ணீரைக் குடித்து ஊதியிருக்கிறது. அகலத்தில் வளர இடம் வேண்டும். நான்தான் மயிரிழைக்கும் இடம் வைக்கவில்லையே? இரண்டு பலகையும் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, கடைசியில் ஒன்று ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆயுசு முழுக்கச் சுருங்குவதற்கு இடம் விட்டே பழகியவனுக்கு, ஊதுவதற்கும் இடம் விட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தெய்வானையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“மறுக்காவும் செய்யறதுக்கு நேரமிருக்குதுங்களா?” என்று கேட்டாள். “மலையில இன்னும் மழ உடலீங்க. பிரபுகிட்ட நானு வாக்குக் குடுத்துப்போட்டனுங்ணா.”

அவள் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

நாங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. படகைக் கரையேற்றி, மேலே ஒரு படுதாவைக் கட்டி, இரண்டு பலகையையும் கழற்றினேன். ஊறிய மரம் ஊறியபடியே இருக்கட்டும் என்று ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்தேன். பிறகு, கையில் இழைப்புளியை எடுத்துக்கொண்டு, நான் அத்தனை பாடுபட்டு இழைத்துச் சேர்த்த விளிம்புகளை மறுபடியும் சீவினேன். வெளிப்பக்கம் விரிந்தும் உட்பக்கம் குறுகியும் ஒரு சந்து விழும்படி சரித்துச் சீவ வேண்டும். மனசே வரவில்லை. வேண்டுமென்றே வெளிச்சம் தெரிகிற மாதிரி இரண்டு பலகையைச் சேர்ப்பதா? மேஸ்திரி உயிரோடு இருந்திருந்தால் டார்ச்சாலேயே அடித்திருப்பார்.

பலகைகளை மறுபடி ஆணியடித்துப் பொருத்திவிட்டு, சந்தில் பஞ்சுத் திரியை வைத்து, உளியின் மழுங்கிய முனையால் தட்டித் தட்டி இறக்கினேன். சரசு குங்கிலியத்தை உருக்கி ஊற்றிக்கொண்டே வந்தாள். தெய்வானை கூடவே தார் பூசினாள். தட்டுகிற சத்தத்தோடு படுதாமேல் தூறல் சத்தமும் சேர்ந்துகொண்டது.

தண்ணீரில் இறக்கினோம். அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் கசிந்தது. சொட்டுச் சொட்டாக இல்லை, ஊற்றுப்போல. தெய்வானை என்னைப் பார்த்தாள். நான் சொம்பால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினேன். மத்தியானம் வந்து பார்த்தபோது ஊற்று ஒரு கோடாகியிருந்தது. பொழுது சாய்வதற்குள் அந்தக் கோடும் வெறும் ஈரமாகிவிட்டது. பஞ்சும் மரமும் ஊதி ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொண்டன. நான் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அந்தச் சந்தைப்போல ஒரு அழகான வேலையை நான் செய்ததே இல்லை என்று தோன்றியது.

இரண்டு டிக்கெட்

தண்ணீர் வாழையின் கழுத்தைப் பிடித்த அன்று காலை, கதலித்தோட்டத்தின் நடுவே படகு விட்டோம். நான் பின்னால் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினேன். தெய்வானை முன்னால் நின்றுகொண்டு, ஒரு கையால் தாரின் காம்பைப் பிடித்து, மறு கையால் அரிவாளை வீசினாள். தார் விழுந்ததும் வாழைமரம் பெருமூச்சு விட்டதுபோல் மேலே எழும்பும். இலைகளில் நின்ற மழைத்தண்ணீர் எங்கள் மேல் கொட்டும். கரையில் சரசு வியாபாரியின் லாரிக்காரரோடு, தாரை எப்படி அடுக்குவது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது நடைக்குக் கரைக்கு வந்தபோது பிரபு நின்றிருந்தான். தண்ணீர் ஏறுகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கிறான். கையில் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை இரண்டு. ஆன்லைனில் வாங்கியதாம்.

“மாமா, அம்மாவையும் கூட்டிட்டுப் போறதுக்குச் சேத்தி ரெண்டு டிக்கெட் போட்டுட்டுத்தானுங்க வந்திருக்கறேன்” என்று என் காதில் சொன்னான். குரலில் கோபம் இல்லை, கவலைதான். கண் படகையே பார்த்துக்கொண்டிருந்தது.

“மொதல்ல அந்தச் சட்டைய ஒண்ண இங்க குடு” என்று தெய்வானை வாங்கிப் போட்டுக்கொண்டாள். “இன்னொண்ண நீ போட்டுட்டு ஏறு. வெட்டறதுக்கு ஆளிருக்குது, வாங்கி வெக்கறதுக்குத்தான் ஆளில்ல.”

அவன் ஏறினான். முதலில் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். தெய்வானை வெட்டிய தார் அவன் மடிமேல் வந்து விழுந்தது. வேறு வழியில்லாமல் கையை எடுத்தான். அடுத்த தாரைத் தோளில் வாங்கினான். அதற்கடுத்தது விழுவதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டான். சட்டை முழுக்க வாழைக்கறை. பெங்களூரில் எந்தச் சோப்பு போட்டாலும் போகாது.

பள்ளத்தில் இருந்த சில வரிசைகள் முழுகிப்போயின. அவற்றை விட்டுவிட்டோம். மற்றதெல்லாம் கரையேறிவிட்டது. லாரி கிளம்பிப் போனது.

கடைசி நடையில் வீட்டுக்கென்று விட்டுவைத்த கொஞ்சம் தார்தான். மழை விட்டு, மலை தெளிவாகத் தெரிந்தது. யாருக்கும் அவசரமில்லை. நான் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். தெய்வானை தார்களுக்கு நடுவே உட்கார்ந்து, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பஸ் எத்தனை மணிக்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிரபு முழுகிய வரிசைகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

“ஏம்மா, அடுத்த வருசம் அந்தப் பள்ளத்த உட்டுப்போட்டு, மேட்டுப் பக்கமா தள்ளிக் கன்னு வெச்சா என்ன?”

கழியை ஊன்ற மறந்துவிட்டேன். படகு தன்பாட்டில் மிதந்துகொண்டிருந்தது. தெய்வானை துண்டை முகத்தில் வைத்து, தேவைக்கு அதிகமாகவே துடைத்துக்கொண்டாள்.

“வெக்கலாம் கண்ணு” என்றாள். “தண்ணி வடியட்டும்.”